உப்பு போட்டுத் தேய்க்கும்போது நாம் செய்யும் தவறுகள்

ஒரு நாள் ராத்திரி, எவர்சில்வர் சிங்க்கில் கறை ஊறட்டும் என்று ஈர உப்பை அப்பி வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் அலசிப் பார்த்தால், உப்புக் கல் உட்கார்ந்திருந்த இடங்களில் ஊசி முனை அளவுக்குப் பழுப்புப் புள்ளிகள். புதுக் கறை போலிருக்கிறது என்று நகத்தால் சுரண்டினேன், நகம் தட்டியது. குழி விழுந்திருந்தது. அதை இனி எந்தச் சோப்பாலும் சரிசெய்ய முடியாது.

எவர்சில்வர் துருப்பிடிக்காமல் இருப்பதே அதன் மேல் மெல்லிசாகப் படிந்திருக்கும் குரோமியம் ஆக்சைடு படலத்தால்தான். உப்பில் இருக்கும் குளோரைடு அந்தப் படலத்தை அங்கங்கே உடைத்துவிடும். உடைந்த இடத்தில் அரிப்பு கீழ்நோக்கி இறங்கும். அடிபிடித்த பாத்திரத்தில் பச்சைத் தண்ணீரை ஊற்றிக் கல்லுப்பை அள்ளிப் போட்டு ராத்திரி முழுக்க விடுவதும் இதே தவறுதான். கரையாத கல் அடியில் தங்கி உலோகத்தை அரிக்கும். உப்பு போட்டுத் தேய்க்கலாம், தப்பில்லை. தேய்த்த கையோடு நன்றாக அலசி, துணியால் துடைத்து ஈரமில்லாமல் வைக்க வேண்டும். வார்ப்பிரும்புச் சட்டிக்கு இது இன்னும் முக்கியம். உலர்ந்த கல்லுப்பு அதன் பிசுக்கை அருமையாக எடுக்கும். ஆனால் அலசி, அடுப்பில் காட்டி ஈரத்தைப் போக்கி, எண்ணெய் தடவாமல் விட்டால் சீக்கிரமே துரு ஏறிவிடும்.

பலர் தண்ணீரைத் தாராளமாக ஊற்றிக்கொண்டு உப்பால் தேய்க்கிறார்கள். உப்பு அழுக்கை எடுப்பது பெரும்பாலும் அதன் சொரசொரப்பால். 100 மில்லி தண்ணீரில் சுமார் 36 கிராம் உப்பு கரைந்துவிடும். கரைந்தபின் தேய்க்க என்ன மிச்சம்? துணியை ஒட்டப் பிழிந்துகொண்டு, உப்பை அதன்மேல் தூவித் தேய்த்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். கண்ணாடி உப்பைவிடக் கடினமானது, அதனால் சுத்தமான உப்பால் அதில் கீறல் விழாது. நான்ஸ்டிக் பூச்சு, அக்ரிலிக், பளபளப்பான பிளாஸ்டிக் இவை மூன்றின் பக்கமும் உப்பைக் கொண்டுபோகவே வேண்டாம்.

பித்தளையில் எலுமிச்சையும் உப்பும் சேர்ந்து செய்யும் வேலையைப் பார்க்கவே ஆசையாக இருக்கும். கறுப்பு விலகி மஞ்சள் எழும்பும். அந்த ஆசையில் அதிக நேரம் ஊற விடாதீர்கள். புளிப்பு பித்தளையில் உள்ள துத்தநாகத்தை அரித்தெடுத்துவிட்டால் செம்பு மட்டும் நின்று இளஞ்சிவப்புத் திட்டு தெரியும். சரியாக அலசாவிட்டால் பச்சைக் களிம்பும் ஏறும். ஓரிரு நிமிடம் தேய்த்தால் போதும். இதே கலவையைப் பளிங்குத் தரையில் போடவே கூடாது. பளிங்கு சுண்ணாம்புக் கல் வகை. புளிப்பு பட்ட இடம் பளபளப்பை இழந்து மங்கிவிடும்.

இதைவிட ஆபத்தான ஒன்று இருக்கிறது. உப்பும் வினிகரும் போட்டுத் தேய்த்தும் போகவில்லை என்று அதன் மேலேயே பிளீச்சை ஊற்றுவது. அமிலமும் பிளீச்சும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். கதவு மூடிய குளியலறையில் அது மூச்சையே அடைத்துவிடும். இரண்டையும் ஒருபோதும் ஒன்றாகக் கலக்காதீர்கள்.

காய் நறுக்கும் பலகையை உப்பால் தேய்த்துவிட்டால் கிருமி செத்துவிடும் என்ற நம்பிக்கையையும் விட்டுவிடுங்கள். ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா 10 சதவீத உப்பிலும் வளரக்கூடியது. உப்புக்குப் பிறகு சோப்பும் வெந்நீரும் கட்டாயம் வேண்டும்.

துணி விஷயத்தில், புதுத் துணியை உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்பார்கள். சாயம் தோய்க்கும்போது பருத்திக்குள் சாயத்தை ஏற்ற உப்பு உதவுவது உண்மை. தோய்த்து முடிந்து கடைக்கு வந்த துணியில் பிடிக்காத சாயத்தை அது பிடித்து வைக்காது. தனியாகத் துவைப்பதுதான் வழி.

கம்பளத்தில் தூவிய உப்பை முழுவதும் உறிஞ்சி எடுக்காமல் விட்டால், காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டும் நாட்களில் அது நீரை இழுத்துக் கசியும், கம்பளம் பிசுபிசுக்கும். கழுவிய உப்புத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றவும் வேண்டாம். மண்ணில் உப்பு ஏறினால் வேர் தண்ணீரை உறிஞ்ச முடியாமல் திணறும், ஈர மண்ணிலேயே செடி வாடும்.