புது வீடு கட்டும் முன்: பராமரிப்பும் கரண்ட் பில்லும் குறைய, வரைபடத்திலேயே செய்ய வேண்டியவை

வீடு கட்டத் தொடங்கும்போது பெரும்பாலோர் முதலில் பேசுவது டைல்ஸ் நிறம், விளக்கு அலங்காரம், சமையலறை அலமாரி பற்றித்தான். இவை எல்லாவற்றையும் பிற்பாடு மாற்றிக்கொள்ளலாம். வீடு எந்தத் திசை பார்த்து நிற்கிறது, கூரை எப்படி அமைகிறது, தண்ணீர்க் குழாய் எந்தச் சுவருக்குள் ஓடுகிறது என்பதை மாற்ற இடித்தால்தான் உண்டு. அதனால் மாற்றவே முடியாததை முதலில் முடிவு செய்யுங்கள், எளிதில் மாற்றக்கூடியதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். கீழே உள்ள படிகளும் அந்த வரிசையில்தான் இருக்கின்றன.

கூடவே ஒரு கேள்வியை வைத்துக்கொள்ளுங்கள். வரைபடத்தில் எதைச் சேர்த்தாலும், "இதை யார், எங்கே நின்று துடைப்பார்கள்? கெட்டுப்போனால் எங்கே நின்று பழுது பார்ப்பார்கள்?" என்று கேளுங்கள். பதில் கிடைக்காவிட்டால் அது வரைபடத்தில் இருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

படி 1: மனையைப் பாருங்கள்

காலை, உச்சிவேளை, மாலை நான்கு மணி என மூன்று நேரங்களில் மனையில் போய் நில்லுங்கள். வெயில் எந்தப் பக்கம் விழுகிறது, காற்று எங்கிருந்து வருகிறது, பக்கத்துக் கட்டடமும் மரமும் எங்கே நிழல் தருகின்றன என்று ஒரு தாளில் குறியுங்கள். மழை பெய்யும்போது ஒருமுறை போனால் இன்னும் நல்லது. தண்ணீர் எங்கே தேங்குகிறது, எந்தப் பக்கம் வடிகிறது என்று கண்ணாலேயே தெரிந்துவிடும். அக்கம்பக்கத்தாரிடம் பெருமழையில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று கேட்டு, தரைமட்டத்தை அதற்கு மேலே வையுங்கள்.

படி 2: வடிவத்தை எளிமையாக வையுங்கள்

ஒரு சின்னக் கணக்கு. 10 மீட்டருக்கு 10 மீட்டர் வீட்டின் பரப்பு 100 சதுர மீட்டர், சுற்றளவு 40 மீட்டர். 5 மீட்டருக்கு 20 மீட்டர் வீட்டுக்கும் அதே பரப்புதான், ஆனால் சுற்றளவு 50 மீட்டர். சுவர் உயரம் 3 மீட்டர் என்றால் 30 சதுர மீட்டர் வெளிச்சுவர் கூடுதல். அதைக் கட்ட வேண்டும், உள்ளேயும் வெளியேயும் வண்ணம் அடிக்க வேண்டும், வெயிலும் குளிரும் அதன் வழியாக உள்ளே வரும். இதே காரணத்தால் உள்ளே வெளியே மடங்கி மடங்கிப் போகும் சுவர்களும் செலவுதான். கூரையில் இரண்டு சரிவுகள் சேரும் பள்ளங்களில்தான் இலையும் தூசியும் அடைத்து ஒழுகல் தொடங்கும்.

பரப்பையும் ஒருமுறை திரும்பப் பாருங்கள். எப்போதோ வரும் ஒருவருக்காகக் கட்டும் தனி அறையையும் வாரம் தவறாமல் கூட்ட வேண்டும். கூடத்தின் ஒரு பகுதியை மடக்குக் கதவால் பிரித்தால் அந்தத் தேவை முடிந்துவிடும்.

படி 3: திசையும் ஜன்னலும்

காலையிலும் மாலையிலும் சூரியன் தாழ்வாக இருக்கும். அதனால் கிழக்கு, மேற்கு ஜன்னல்களுக்கு எவ்வளவு நீளமாக சன்ஷேட் வைத்தாலும் வெயில் அதற்குக் கீழே நுழைந்து நேராக உள்ளே வரும். உச்சிவெயில் மேலிருந்து விழுவதால் வடக்கு, தெற்குச் சுவர்களுக்குச் சாதாரண சன்ஷேட்டே போதும். வெயில் அதிகமுள்ள இடத்தில் வீட்டின் நீளமான பக்கங்கள் வடக்கும் தெற்கும் பார்க்க, குட்டையான பக்கங்கள் கிழக்கும் மேற்கும் பார்க்க அமைப்பது இதனால்தான். மனை அதற்கு இடம் தராவிட்டால் மேற்குப் பக்கம் படிக்கட்டு, குளியலறை, பொருள் வைக்கும் அறை ஆகியவற்றை வைத்து, படுக்கையறையை அந்தச் சூட்டிலிருந்து தள்ளிவையுங்கள். குளிர்ப் பிரதேசத்தில் தேவை வேறு. அங்கே நிலநடுக்கோட்டைப் பார்த்த பக்கம் பெரிய ஜன்னல் வைத்தால், தாழ்ந்து வரும் குளிர்கால வெயில் காசில்லாமல் வீட்டைச் சூடாக்கும். வடகோளத்தில் அது தெற்குப் பக்கம், தென்கோளத்தில் வடக்குப் பக்கம்.

தெளிவான வானத்தில் சூரியனுக்கு நேராக இருக்கும் ஒரு சதுர மீட்டர் பரப்பில் விழும் ஆற்றல் ஏறக்குறைய 1000 வாட். சாதாரண ஒற்றைக் கண்ணாடி அதில் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடும். உள்ளே திரை போட்டால் கண் கூசாது, ஆனால் சூடு ஏற்கெனவே அறைக்குள் வந்துவிட்டது. வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே தடுக்க வேண்டும். சன்ஷேட், வெளிப்பக்கத் தட்டி, கொடி ஏறிய பந்தல் என்று எதுவாக இருந்தாலும் சரி.

காற்று உள்ளே வர ஒரு வழி இருந்தால் மட்டும் போதாது, வெளியேறவும் வழி வேண்டும். எதிரெதிர்ச் சுவர்களில், அல்லது அடுத்தடுத்த சுவர்களிலாவது, ஜன்னல் வையுங்கள். சூடான காற்று மேலே ஏறும் என்பதால் உயரத்தில் ஒரு திறப்பு இருந்தால் அது தானாகவே வெளியேறும். தள்ளி நகர்த்தும் ஜன்னல் பாதிதான் திறக்கும். கதவுபோல் உள்பக்கமாகத் திறப்பது முழுக்கத் திறக்கும், கண்ணாடியின் இரண்டு பக்கத்தையும் உள்ளிருந்தே துடைக்கலாம். மாடியில் இது பெரிய வசதி. எட்டாத உயரத்தில் நிலையான கண்ணாடி வைக்காதீர்கள், அழகாகத்தான் இருக்கும், ஆனால் அதில் படியும் அழுக்கு அப்படியே தங்கிவிடும்.

படி 4: கூரைக்கு அதிகம் செலவிடுங்கள்

பணம் குறைவாக இருந்தால் வேறு எதில் வேண்டுமானாலும் குறையுங்கள், கூரையில் குறைக்காதீர்கள். பகல் முழுக்க வெயில் படுவது அதன் மேல்தான். காங்கிரீட் தளம் பகலில் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் அறைக்குள் விடும். மேல்மாடி அறை இரவிலும் வெந்துகொண்டிருப்பதற்கு இதுதான் காரணம்.

தடுக்க இரண்டு வழிகள். ஒன்று, வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு அல்லது வெளிர்நிற ஓடு. அழுக்கேறினால் அதன் பலன் குறையும், அதனால் தளத்துக்கு ஏறிப்போக ஒழுங்கான படியும், கழுவ ஒரு தண்ணீர்க் குழாயும் வையுங்கள். இரண்டாவது, தளத்தின் மேல் வெப்பத்தடுப்புப் பலகை. வெயில் அதிகமுள்ள இடத்தில் அதைத் தளத்தின் மேற்பக்கம் போடுவது நல்லது, காங்கிரீட் சூடாவதையே அது தடுத்துவிடும். குளிர்ப் பிரதேசத்தில் இதே தடுப்பு இன்னும் தடிமனாக வேண்டும், ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடியும் வேண்டும்.

தட்டையான தளத்தில் மீட்டருக்கு குறைந்தது ஒரு சென்டிமீட்டர் வாட்டம் இருக்கட்டும். தண்ணீர் இறங்கும் வாய் ஒன்றே ஒன்று வைத்து, அதில் இலை அடைத்துக்கொண்டால் தளம் குளமாகிவிடும், ஆகவே இரண்டாவது வையுங்கள். தண்ணீர்த் தொட்டி தரையை ஒட்டி உட்காரக் கூடாது, கீழே கூட்டிப் பெருக்க இடம் விட்டு மேடையில் வையுங்கள். 1000 லிட்டர் தண்ணீரே ஒரு டன் எடை, எனவே அது வரப்போகும் இடத்தை பொறியாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

படி 5: தண்ணீர் வேலைகளை ஒரே இடத்தில் சேருங்கள்

வீட்டில் அடிக்கடி பழுதாவது தண்ணீர் சம்பந்தப்பட்டதுதான். சமையலறை, குளியலறை, துணி துவைக்கும் இடம் மூன்றும் ஒரே சுவரின் இரு பக்கமாகவோ, மாடியில் ஒன்றுக்கு மேல் ஒன்றாகவோ வரும்படி அமைத்தால் குழாய் நீளம் பாதியாகக் குறையவும் கூடும், கசிவு வந்தால் தேட வேண்டிய இடமும் ஒன்றுதான். படுக்கையறைக் கூரைக்கு மேலே மாடிக் குளியலறை வராமல் பாருங்கள்.

வெந்நீர்க் கருவி குழாய் வாய்க்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. உள்விட்டம் 15 மில்லிமீட்டர் உள்ள குழாய் 10 மீட்டர் ஓடினால் அதில் ஏறக்குறைய 1.8 லிட்டர் தண்ணீர் நிற்கும். ஒவ்வொரு முறையும் அந்தக் குளிர்ந்த தண்ணீர் வெளியே போன பிறகுதான் வெந்நீர் வரும், குழாயை மூடியதும் உள்ளே நிற்கும் வெந்நீர் வீணாக ஆறிப்போகும்.

ஒவ்வொரு குளியலறைக்கும் சமையலறைக்கும் தனித்தனி வால்வு கட்டாயம் வேண்டும். ஒரு குழாய் ஒழுகினால் வீடு முழுக்கத் தண்ணீரை நிறுத்தும் நிலை வரக் கூடாது. கழிவுக் குழாய்கள் இறங்கும் இடத்தில் ஒரு ஆள் நின்று வேலை செய்ய இடமும், உள்ளே போக ஒரு சிறு கதவும் விடுங்கள்.

அப்புறம் இரண்டு சோதனைகள். சுவரைப் பூசி மூடும் முன் குழாயில் அழுத்தம் ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். குளியலறைத் தரையில் நீர்த்தடுப்புப் பூச்சு முடிந்ததும், டைல்ஸ் ஒட்டும் முன், குறைந்தது 24 மணி நேரம் தண்ணீர் தேக்கிக் கீழே ஈரம் வருகிறதா என்று பாருங்கள். வேலையாட்கள் அவசரப்படுத்தினாலும் இந்த இரண்டையும் விடாதீர்கள். பின்னால் டைல்ஸை உடைத்துக் கசிவு தேடுவது மிகவும் வேதனையான வேலை.

படி 6: மழையைச் சுவரிலிருந்து விலக்குங்கள்

சன்ஷேட்டின் அடியில் விளிம்பை ஒட்டி ஒரு சிறு காடி (நீளமான பள்ளக் கோடு) விடச் சொல்லுங்கள். மழைநீர் அடிப்பக்கமாக ஊர்ந்து சுவருக்கு வராமல் அங்கேயே சொட்டிவிடும். இது இல்லாத வீடுகளில்தான் ஜன்னலைச் சுற்றிக் கறுப்புக் கோடுகள் படியும். மண்ணிலிருந்து ஈரம் செங்கல்லுக்குள் ஏறுவதைத் தடுக்க அஸ்திவாரத்துக்கும் சுவருக்கும் நடுவே ஈரம் தடுக்கும் ஒரு அடுக்கு போட வேண்டும். வீட்டைச் சுற்றி வெளிப்பக்கமாகச் சாய்ந்த ஒரு நடைதளம் இருந்தால் மழைச்சாரல் மண்ணைச் சுவரில் தெறிக்காது. கரையான் உள்ள பகுதி என்றால் அதற்கான மருந்தை அஸ்திவார வேலையின்போதே போட வேண்டும்.

படி 7: தரையும் சுவரும்

பெரிய டைல்ஸ் என்றால் இணைப்புக் கோடு குறைவு, அழுக்கு தங்கும் இடமும் குறைவு. சமையலறையிலும் குளியலறையிலும் இணைப்புக்கு எபாக்ஸி கிரவுட் (ரெசின் கலந்த இணைப்புக் கலவை) போட்டால் கறை ஊறாது. ஈரம் படும் தரைக்கு வழுக்காத சொரசொரப்பு வேண்டும், ஆனால் அழுக்கு ஏறி ஒட்டும் அளவுக்கு ஆழமான வேலைப்பாடு வேண்டாம். வாங்கும்போதே ஒரு பெட்டி கூடுதலாக எடுத்து வையுங்கள், அடுத்த தயாரிப்பில் அதே நிறம் வருவது அரிது. உள்சுவருக்கு வெளிர்நிறம் அடித்தால் பகலில் விளக்குப் போடும் நேரம் குறையும்.

படி 8: மின்சாரம்

கட்டில், மேசை, குளிர்பெட்டி எங்கே வரும் என்பதை முதலில் வரைந்துவிட்டு அப்புறம் சுவிட்ச் இடங்களைக் குறியுங்கள். ஏ.சி., வெந்நீர்க் கருவி, சமையலறைக்குத் தனித்தனி இணைப்பும் எம்.சி.பி.யும் (மின்சுமை அதிகமானால் தானாகத் துண்டிக்கும் சுவிட்ச்) வேண்டும். ஒவ்வொன்றின் மேலும் எந்த அறைக்கு என்று எழுதி ஒட்டுங்கள். ஷாக்கிலிருந்து காக்க, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்ச் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள், சரியான எர்த்தும் இருக்க வேண்டும். கூரையிலிருந்து மீட்டர் பெட்டி வரை ஒரு காலிக் குழாயைப் பதித்துவிடுங்கள். சோலார் இப்போது இல்லாவிட்டாலும் பின்னால் வரும், அப்போது சுவரைக் கொத்த வேண்டியிருக்காது.

படி 9: கடைசியாகக் கருவிகள்

சாதாரண மின்விசிறி சுமார் 75 வாட் எடுக்கும், பி.எல்.டி.சி. என்ற பிரஷ் இல்லாத மோட்டார் உள்ள விசிறி சுமார் 30 வாட். தினமும் 12 மணி நேரம் ஓடும் ஒரு விசிறியில் மட்டும் மாதம் ஏறக்குறைய 16 யூனிட் மிச்சம். வீட்டில் எத்தனை விசிறியோ அத்தனை மடங்கு போட்டுப் பாருங்கள். 100 லிட்டர் தண்ணீரை 25 டிகிரி சூடேற்ற ஏறக்குறைய 3 யூனிட் வேண்டும். சுற்றியுள்ள காற்றின் சூட்டை இழுத்துத் தண்ணீருக்குக் கொடுக்கும் வெப்பப் பம்பு வகைக் கருவி அதை ஏறக்குறைய 1 யூனிட்டில் முடித்துவிடும், சூரிய வெந்நீர்க் கருவிக்கு வெயில் நாளில் மின்சாரமே பெரும்பாலும் தேவைப்படாது.

ஏ.சி. வாங்கும் முன் கூரையும் நிழலும் சரியாகிவிட்டால் அறைக்குச் சிறிய அளவே போதும். வெளி யூனிட்டைக் கையெட்டும் இடத்தில், காற்றோட்டமாக வையுங்கள். சர்வீஸ் செய்பவர் உயிரைப் பணயம் வைத்துத் தொங்கும் இடத்தில் அதை மாட்டுவது நியாயமில்லை. குளிர்பெட்டியை அடுப்பின் பக்கத்தில் வைக்காமல், பின்னால் சூடு வெளியேற இடைவெளி விடுங்கள். சோலார் தகடுகளுக்குத் தொட்டியின் நிழலோ மரத்தின் நிழலோ விழாத இடமாகக் கூரையில் இப்போதே ஒதுக்குங்கள். தகடுகள் தொடராக இணைக்கப்பட்டிருந்தால் ஒன்றின் மேல் விழும் நிழல் மற்றவற்றின் உற்பத்தியையும் குறைத்துவிடும்.

படி 10: மூடும் முன் படம் எடுங்கள்

பூச்சு வேலைக்கு முந்தைய நாள் ஒவ்வொரு சுவரையும், தரையையும் அளவு நாடாவோடு சேர்த்துப் படம் எடுங்கள். குழாயும் ஒயரும் தரையிலிருந்தும் மூலையிலிருந்தும் எத்தனை சென்டிமீட்டரில் ஓடுகின்றன என்பது படத்தில் தெரிய வேண்டும். அறையின் பெயரையும் சுவரின் திசையையும் ஒரு தாளில் எழுதிப் படத்துக்குள்ளேயே வையுங்கள். வண்ணத்தின் எண், டைல்ஸின் பெயர், வால்வுகள் இருக்கும் இடம், உத்தரவாதச் சீட்டுகள் எல்லாவற்றையும் இதே கோப்பில் சேர்த்து, வீட்டில் இன்னொருவருக்கும் ஒரு பிரதி கொடுங்கள்.