மூட்டுவலி திட்டம் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்: பிரச்சாரத்துலயும் மதிப்பீட்டுலயும்

அக்டோபர் 12 உலக மூட்டுவாத தினம். அன்னைக்கு நிறைய ஊர்ல ஒரு பேரணி, ஒரு முகாம், பேனருக்கு முன்னாடி நின்னு போட்டோ, கை நிறைய நோட்டீஸ், அப்புறம் ரிப்போர்ட்ல "இத்தனை ஆயிரம் பேருக்கு விழிப்புணர்வு ஏற்படுத்தப்பட்டது"னு ஒரு வரி. அது நோட்டீஸ் அச்சடிச்ச கணக்கு, விழிப்புணர்வு கணக்கு இல்ல. வாங்கினவங்கள்ல யார் படிச்சாங்க, படிச்சவங்கள்ல யார் நடக்க ஆரம்பிச்சாங்கன்னு கேட்டா பதில் இருக்காது, ஏன்னா திட்டம் போட்ட அன்னைக்கு அந்தக் கேள்விய யாரும் எழுதி வைக்கல. மூட்டுவலி திட்டங்கள்ல நான் பாக்கற பெரும்பாலான தவறுக்கு வேர் இதுதான், மொதல்ல பிரச்சாரத்த முடிப்போம், மதிப்பீட்ட கடைசில பாத்துக்கலாம்னு விட்டுடறது.

சின்ன விஷயம் இல்லங்க இது. உலக சுகாதார நிறுவனத்தோட கணக்குப்படி 2019ல உலகம் முழுக்க சுமார் 52.8 கோடி பேருக்கு மூட்டு தேய்மானம் இருந்துச்சு, அதுல 60 சதவீதம் பெண்கள், அதிகமா அடி வாங்கறது முழங்கால். உயிர் போற நோய் இல்லங்கறதால பட்ஜெட்ல எப்பவும் கடைசி இடம், கெடைக்கற கொஞ்சக் காசையும் என்ன பலன்னு காட்ட முடியாம செலவு பண்ணிட்டா அடுத்த வருஷம் அதுவும் வராது.

யாருக்காகங்கற இடத்துல "பொதுமக்கள்"னு எழுதறது அடுத்த தவறு. அமெரிக்காவோட நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி, உடற்பயிற்சியே மூட்டுவலிக்கு வலி நிவாரணிங்கற கருத்த வெச்சு ஒரு பிரச்சாரம் பண்ணாங்க. அதுல 45லேந்து 64 வயசு, மூட்டுவாதம் இருக்கறவங்க, பள்ளிப் படிப்புக்கு மேல போகாதவங்க, வருஷ வருமானம் 35,000 டாலருக்குக் கீழன்னு ஆள முன்னாடியே முடிவு பண்ணிட்டாங்க, ஸ்பானிஷ் பேசறவங்களுக்கு தனியா வேற பேர்ல ஒரு பிரச்சாரம். நம்ம ஊர்ல போடற திட்டம்னா, 45 வயசு தாண்டின, களையெடுக்கவோ நூறு நாள் வேலைக்கோ போற, முழங்கால் வலியோட இருக்கற பெண்கள்னு குறுக்கலாம். குறுக்கினாத்தான் எந்த நேரத்துல எங்க போய் பேசணும்னு தெரியும், அதவிட முக்கியமா, நம்ம பகுதியில அப்படிப்பட்டவங்க மொத்தம் எத்தனை பேர், அதுல நாம எட்டினது எத்தனை பேர்னு கணக்கு சொல்ல முடியும். "200 பேர் வந்தாங்க"ங்கறது பாதிக் கணக்கு, 400ல 200ஆ இல்ல 20,000ல 200ஆன்னு சொல்லணும்ல.

செய்தியப் பத்தி பேசுவோம். மூட்டுவலி போஸ்டர எடுத்துப் பாருங்க, கீழ உக்காராதீங்க, மாடி ஏறாதீங்க, பாரம் தூக்காதீங்க, எல்லாமே கூடாது கூடாதுன்னுதான் இருக்கும். ஏற்கனவே "நடந்தா இன்னும் தேஞ்சிடும்"னு பயந்துட்டு இருக்கறவங்ககிட்ட இதக் கொடுத்தா இருக்கற நடையும் நின்னுடும், தொடைத் தசை இன்னும் பலம் இழக்கும், எடை ஏறும், வலி கூடும். எடை ஒரு கிலோ குறைஞ்சா ஒவ்வொரு அடிக்கும் முழங்கால்ல விழற சுமை சுமார் நாலு கிலோ குறையுதுன்னு 2005ல வந்த ஒரு ஆய்வு காட்டுச்சு, இத மாதிரி செய்யத் தூண்டற விஷயம் போஸ்டர்ல வரதே இல்ல. வாரத்துக்கு 150 நிமிஷம் நடங்கன்னு சொன்னா மலைப்பா இருக்கும், காலையில பத்து நிமிஷம் சாயங்காலம் பத்து நிமிஷம்னு தொடங்கச் சொல்லுங்க. அதோட எங்க போகணும், யாரப் பாக்கணும், எந்தக் கிழமைங்கறதயும் சேத்து எழுதுங்க. தமிழ்நாடு அரசோட மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5ல கிருஷ்ணகிரி மாவட்டத்துல தொடங்குச்சு, அதுல பிபி, சுகர் மாத்திரையோட வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கறதும் ஒரு சேவை, ஆனா முழங்கால் வலிக்கு கண்ட கண்ட பொடியும் ஊசியும் தேடி அலையற எத்தனையோ பேருக்கு அது தங்களுக்கும் சேத்துத்தான்னு தெரியாது.

இதுல ஒண்ண மட்டும் தயவு செஞ்சு லேசா விட்றாதீங்க. மூட்டுவலி எல்லாம் ஒண்ணுன்னு நெனச்சு எல்லாருக்கும் ஒரே செய்தி சொல்றது ஆபத்து. தேய்மானத்துக்கு நடங்கன்னு சொல்றோம், சரி. முப்பத்தஞ்சு வயசுப் பொண்ணு, ரெண்டு கை விரல் மூட்டும் வீங்கி இருக்கு, காலையில எழுந்தா ஒரு மணி நேரம் கையே மடங்கலன்னா அது முடக்குவாதமா, அதாவது உடம்போட எதிர்ப்பு சக்தியே மூட்டத் தாக்கற நோயா இருக்கலாம், அவங்களுக்கு நடைப்பயிற்சி நோட்டீஸ் மட்டும் போதாது, சீக்கிரமா டாக்டர்கிட்ட போகணும், ஆரம்ப மாசங்கள்லயே சரியான மருந்து தொடங்கினா மூட்டு கோணாம காப்பாத்த வாய்ப்பு நெறைய. அந்த மருந்துல முக்கியமானது மெத்தோட்ரெக்சேட், வாரத்துக்கு ஒரு தடவதான் போடணும், தெரியாம தினமும் போட்டா உயிருக்கே ஆபத்து. உங்க தன்னார்வலருக்கு வேற எது ஞாபகம் இல்லாட்டியும் இது ரெண்டும் ஞாபகம் இருக்கணும்.

இனி அளக்கறது. மூட்டு தேய்மானத்துக்கு உலகம் முழுக்க ஓமாக்னு ஒரு கேள்வித்தாள் இருக்கு, 24 கேள்வி, வலிக்கு 5, விறைப்புக்கு 2, அன்றாட வேலைக்கு 17. அதுல பாத் டப்ல ஏறி இறங்கறது, சாக்ஸ் மாட்டறதுன்னு வரும். களத்துல குத்துக்கால் போட்டு வேலை பாக்கற அம்மாகிட்ட போய் பாத் டப் கேள்வி கேட்டா என்ன சொல்லுவாங்க? கீழ உக்காந்து எழுந்திருக்கறது, சம்மணம் போடறதுதான் அவங்க கஷ்டம். புனேயில இருக்கற வாத நோய் மையம் நம்ம வாழ்க்கைக்கு ஏத்த மாதிரி மாத்தின வடிவம் ஒண்ணு இருக்கு, புதுசா நாமளே கேள்வி எழுதறதுக்கு முன்னாடி அதப் பாருங்க. நாற்காலில உக்காந்து எழற டெஸ்டும் நல்லது, கை ஊனாம 30 செகண்டுல எத்தன தடவ எழறாங்கன்னு எண்ணணும், ஆனா நாற்காலி உயரம் சுமார் 43 செ.மீ. இருக்கணும். மொத தடவ அங்கன்வாடியில இருந்த குட்டை ஸ்டூல்லயும் ஆறு மாசம் கழிச்சு பஞ்சாயத்து ஆபீஸ் சேர்லயும் எடுத்தா எல்லாரும் தேறின மாதிரிதான் தெரியும், தேறினது சேர் உயரம்.

நேரமும் அப்படித்தான். காலை பதினோரு மணிக்கு வீடு வீடா போனா வேலைக்குப் போக முடியாம படுத்திருக்கறவங்கதான் கெடைப்பாங்க, கடைசி சர்வேய சாயங்காலம் எடுத்தா வேலைக்குப் போய் வந்தவங்க கெடைப்பாங்க, ரெண்டையும் ஒப்பிட்டு வலி குறைஞ்சிடுச்சுன்னு எழுதறது தப்பு. ஒரே ஆளுங்களத்தான் ரெண்டு தடவையும் கேக்கணும். நடுவுல வராம நின்னவங்களையும் தேடிப் போய் கேக்கணும், கடைசி வரைக்கும் இருந்தவங்கள மட்டும் அளந்தா நல்லா இருக்கறவங்கள மட்டும் அளந்ததா ஆயிடும்.

யார் கேக்கறாங்கங்கறதும் பெரிய விஷயம். ஆறு மாசம் தினமும் வந்து கையப் பிடிச்சு பயிற்சி சொல்லிக் கொடுத்த அதே பொண்ணு நோட்டோட வந்து "வலி குறைஞ்சிருக்காம்மா?"ன்னு கேட்டா, "உன் புண்ணியத்துல பரவால்ல கண்ணு"ன்னுதான் வரும், அவ மனசு நோகக் கூடாதுல்ல. வேற ஊர் ஆள வெச்சுக் கேளுங்க. அந்த வாரம் வலி மாத்திரை எத்தன போட்டாங்க, ஊசி போட்டாங்களான்னும் சேத்துக் கேளுங்க, இல்லன்னா மாத்திரையோட பலன பயிற்சி கணக்குல எழுதிடுவோம்.

இன்னொன்னு, ஜனங்க முகாமுக்கு வர்றதே வலி உச்சத்துல இருக்கும்போதுதான். ஒண்ணுமே பண்ணலன்னாலும் ரெண்டு மாசத்துல அது கொஞ்சம் எறங்கும். அதனால திட்டம் இன்னும் போகாத பக்கத்து ஊர்லயும் அதே மாதிரி வலி இருக்கறவங்கள அதே மாசம் அளந்து வெச்சுக்கணும். அடுத்த கட்டமா அவங்களுக்கும் திட்டம் போகுதுன்னு வெச்சுட்டா யாருக்கும் அநியாயமும் இல்ல.

சிடிசி 1999ல வெளியிட்ட மதிப்பீட்டு வழிமுறைல ஆறு படி, மொதப்படி சம்பந்தப்பட்டவங்கள கூப்பிட்டு உக்கார வெக்கறது, கடைசிப்படி கண்டுபிடிச்சத பயன்படுத்தறது. நம்ம ஆளுங்க மொதப்படிய திறப்பு விழாவா மாத்திடறாங்க, கடைசிப்படிய பைல்ல போட்டு மூடிடறாங்க. வலி இருக்கற ரெண்டு மூணு பெண்கள், தன்னார்வலர், பிசியோதெரபிஸ்ட், ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர், இவங்கள தொடக்கத்துலயே உக்கார வெச்சு "எது மாறினா இந்தத் திட்டம் ஜெயிச்சதுன்னு ஒத்துப்பீங்க?"ன்னு கேளுங்க. மொத்தக் காசுல பத்துல ஒரு பங்கயாவது அந்த பதில அளக்க ஒதுக்கி வைங்க. முடிவ அதே ஆளுங்ககிட்ட சொல்ற கூட்டத்துக்கும் அன்னைக்கே தேதி குறிச்சிடுங்க, அது அடுத்த வருஷ பட்ஜெட் அனுப்பறதுக்கு முன்னாடி இருக்கணும், பின்னாடி வெச்சா யார் என்ன சொன்னாலும் திட்டத்துல ஒரு வரி கூட மாறாது.