தட்டில் மீன் மிஞ்சினால் வாயைப் பாருங்கள்

“எனக்கு மீன் வேணாம்த்தா, கொழம்பு மட்டும் ஊத்து.” மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் வயதானவர்கள் இருக்கும் வீடுகளில் இது சாதாரணமாகக் காதில் விழும். வயசாச்சு, நாக்கு செத்துப்போச்சு என்று வீட்டில் விட்டுவிடுகிறார்கள். முதல் தவறு அதுதான். பசி இல்லையா, மெல்ல முடியவில்லையா என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும். கணவாய் முதலில் தட்டை விட்டுப் போகும், பிறகு நண்டு, பிறகு பனங்கிழங்கு. கடைசியில் கஞ்சியும் ரசம் சோறும்தான் நிற்கும்.

கஞ்சி வயிற்றை நிரப்பும், தசையைக் காப்பாற்றாது. வயதானவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் தேவை என்பது முதியோர் மருத்துவத்தில் இப்போது பரவலாகச் சொல்லப்படும் அளவு (சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்). 50 கிலோ எடையுள்ள அப்பத்தாவுக்கு நாளைக்கு 50 முதல் 60 கிராம். ஒரு கைப்பிடி அரிசிக் கஞ்சியில் 3, 4 கிராம்தான் தேறும். 100 கிராம் மீனில் ஏறக்குறைய 20 கிராம் இருக்கிறது. மீன் போனால் எடை இறங்கும், கைப்பிடி தளரும், நடை மெதுவாகும், சட்டென்று அசதி வரும், ஆள் திண்ணையை விட்டு எழுந்திருக்க மாட்டார். உடல் நலிவுக்கு அமெரிக்க மருத்துவர் லிண்டா ஃப்ரைடு குழுவினர் 2001இல் வகுத்த 5 அடையாளங்களும் இவையே. மூன்று இருந்தாலே நலிவு.

ஜப்பானில் காஷிவா நகர முதியவர்களைச் சில ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து, 2018இல் முடிவை வெளியிட்டார்கள். வாயில் பல குறைகள் சேர்ந்திருந்தவர்களுக்குப் பின்னாளில் உடல் நலிவு வரும் வாய்ப்பு 2 மடங்குக்கும் மேல் இருந்தது. பல் எண்ணிக்கை மட்டும் கணக்கில்லை. மெல்லும் பலம், விழுங்குவது, நாக்கின் பலம், அதன் வேகம் எல்லாம் சேர்த்தி. வாயைச் சோதிக்கும்போது ‘பா’, ‘தா’, ‘கா’ ஒவ்வொன்றையும் வேகமாகச் சொல்லச் சொல்லி எண்ணுவார்கள். நொடிக்கு 6க்குக் கீழே போனால் நாக்கும் உதடும் சுணங்குகின்றன என்று அர்த்தம். இன்னொன்றும் உண்டு: நலிந்த கையால் பல்லைச் சரியாகத் துலக்க முடியாது, அதனால் வாய் இன்னும் கெடும். இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போகும்.

பல் போனதும் எல்லாவற்றையும் மிக்சியில் அடித்துக் கொடுப்பது அடுத்த தவறு. விழுங்குவதில் சிக்கல் இல்லாதவருக்கு, மெல்லுவதற்கு ஏதாவது இருந்தால்தான் தாடைத் தசை உழைக்கும். இதில் நம் கரை கொடுத்துவைத்த கரை. பால்சுறாவை வேகவைத்துத் தோலுரித்து, உதிர்த்துப் பிழிந்து, வெங்காயமும் பூண்டும் போட்டு வதக்கினால் புட்டு, ஈறாலேயே மெல்லலாம். மிளகாயைக் குறையுங்கள். முண்டு மிளகாயின் காரம் புண்ணான ஈறுக்கு ஆகாது. சாளையை முள்ளை எடுத்து உதிர்த்துச் சோற்றில் பிசையலாம். முட்டைப் பொடிமாஸ் இருக்கவே இருக்கிறது. கருவாட்டுக் குழம்பை மட்டும் ஊற்றிக்கொண்டு துண்டை ஒதுக்குவதில் உப்புதான் உள்ளே போகிறது. ரத்தக்கொதிப்பு உள்ளவருக்கு அது இரட்டை நட்டம்.

“மேல்பல்லைப் பிடுங்கினா கண்ணு போயிரும்” என்ற பயத்தில் சொத்தையோடு காலம் தள்ளுபவர்கள் நிறைய. பல்லுக்குப் போவது ஐந்தாம் மூளை நரம்பு, பார்வைக்கு இரண்டாம் நரம்பு. இரண்டும் வேறு வேறு. வலிக்கிற பல்லில் புகையிலையை அடக்கிக்கொள்வது இன்னும் மோசம். வலி மரத்துப்போகும், உள்ளே சீழ் கட்டும். புகையிலை இல்லாத வெறும் பாக்கையும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 2004இலேயே அறிவித்துவிட்டது. தொடர்ந்து பாக்குப் போடுபவர்களுக்குக் கன்னத்தின் உள்சதை இறுகி, வாயைத் திறப்பதே கடினமாகிவிடலாம். அதன் பிறகு பல்செட் எடுக்க அளவெடுப்பதுகூடப் பெரும்பாடு.

பல்செட் பற்றி: பல் எடுத்த இடத்தில் தாடை எலும்பு வருடா வருடம் தேயும், செட் லொடலொடக்கும். அலமாரியில் போட்டுவிடாமல் பல் மருத்துவரிடம் காட்டினால் உட்புறத்தைத் திருத்தித் தருவார். ராத்திரி கழற்றித் துலக்கித் தண்ணீரில் போட வேண்டும். வெந்நீர் கூடாது, கோணிக்கொள்ளும். செட்டோடு தூங்கும் முதியவர்களுக்கு நிமோனியா அதிகம் வருவதாக ஜப்பானிய ஆய்வு ஒன்றே சொல்கிறது.

வாய் வறட்சிக்குச் சில ரத்தக்கொதிப்பு, அலர்ஜி, மனச்சோர்வு மாத்திரைகள் காரணமாகலாம். நீங்களாக நிறுத்த வேண்டாம். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பணியாளர் வீட்டுக்கு வரும்போது வாய் காய்கிறது என்று சொல்லுங்கள். சர்க்கரை ஏறினாலும் வாய் காயும், ஈறும் கெடும். ஈறு கெட்டால் சர்க்கரையும் அடங்காது.

தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் புரையேறினால் அதை “யாரோ நினைக்கிறாங்க” என்று சிரித்துத் தள்ளாதீர்கள். சாய்ந்தபடி எதையும் கொடுக்காமல் நிமிர்த்தி உட்காரவைத்துக் கொடுங்கள். அந்த வாரத்திலேயே மருத்துவரிடம் காட்டுங்கள்.