மாட்டு மந்தையில சிபிபிபி எவ்ளோ இருக்குன்னு அளக்கிறது எப்படி

சிபிபிபின்னா மாட்டோட நுரையீரலை புடிக்கிற தொத்து நோய், மைக்கோபிளாஸ்மா கிருமியால வர்றது. இந்தியாவுல இப்ப இல்ல, 2007லயே நோய் இல்லாத நாடுன்னு உலக விலங்கு சுகாதார அமைப்பு சொல்லிடுச்சு. ஆனா கென்யா, தான்சானியா, எத்தியோப்பியா மேய்ச்சல் பகுதில இன்னும் ஓடிட்டு தான் இருக்கு. அந்தப் பக்கம் சர்வேக்கு போற நம்ம வெட்னரி பசங்களுக்காக இது.

நீங்க எண்ணப்போறது மாட்டையா மந்தையையான்னு மொதல்ல முடிவு பண்ணிக்கோங்க. நூத்துல எத்தனை மாடு பாசிட்டிவ்ங்கிறதும், நூத்துல எத்தனை மந்தைல நோய் புகுந்திருக்குங்கிறதும் வேற வேற நம்பர், ரிப்போர்ட்ல கலந்துட்டா போச்சு. என்னை கேட்டா மந்தை கணக்கு தான் முக்கியம், ஏன்னா இதுக்கு இருக்கிற ரத்த டெஸ்ட் எதையும் நம்பி ஒத்த மாட்டுக்கு தீர்ப்பு சொல்ல முடியாது, நோய் தொத்தின புதுசுலயும் சரி, பழசாகி நுரையீரலுக்குள்ள கூடு கட்டி அடங்கின பிறகும் சரி, சிஎஃப்டிங்கிற (ரத்தத்துல ஆன்டிபாடி இருக்கான்னு பாக்கிற) டெஸ்ட் நிறைய மாட்டை தவறவிட்டுடும்.

மந்தைன்னா யாருதுன்னு பாக்காதீங்க, ராத்திரி ஒரே பட்டில அடையுற மாடு எல்லாம் ஒரு மந்தை. மூச்சுக்காத்துல பரவுற நோய்க்கு ஓனர் யாருன்னு தெரியாதுல்ல.

அடுத்து சாம்பிள் எண்ணிக்கை. எவ்ளோ இருக்கும்னு ஒரு ஐடியாவும் இல்லேன்னா 50 சதவீதம்னு வச்சு, 5 சதவீதம் முன்ன பின்ன போகலாம்னு, 95 சதவீத நம்பிக்கைல போட்டா 384 மாடு வரும். பல பேரு இதோட நிறுத்திடறாங்க, அது தப்பு. ஒரே பட்டில இருக்கிற மாடுங்க ஒண்ணா தான் நோய்ல விழும், அதனால ஒரு மந்தைல 10 மாடு எடுத்தா பத்தும் பத்து தனி தகவல் ஆகாது. மந்தைக்குள்ள ஒற்றுமை (ஒரே மந்தை மாடுங்க ரிசல்ட் எவ்ளோ ஒண்ணா இருக்குங்கிற அளவு) 0.2ன்னு வச்சுக்கிட்டா 1 + (10 - 1) × 0.2 = 2.8, அத 384ஆல பெருக்கினா 1075 மாடு, அதாவது 108 மந்தை. பட்ஜெட் பத்தலன்னா மந்தைய குறைக்காதீங்க, மந்தைக்கு எடுக்கிற மாட்ட குறைங்க. ஆனா ரொம்ப கம்மியா எடுத்தா நோய் இருக்கிற மந்தையே கண்ணுல படாம போயிடும், அதையும் பாத்துக்கோங்க.

கிராமத்த குலுக்கல்ல எடுங்க, அங்க போய் பெரியவங்களோட உக்காந்து பட்டி லிஸ்ட் போட்டு அதையும் குலுக்குங்க. ரோட்டோரமா இருக்கிறத மட்டும் எடுத்தா கணக்கு சாஞ்சிடும்.

ரத்தம் எடுக்கும்போது ஆறு மாசத்துக்கு கீழ இருக்கிற கன்ன விட்டுடுங்க, தாய்ப்பால் ஆன்டிபாடி குழப்பும். சிபிபிபிக்கு போடுற டி1/44 தடுப்பூசி எப்ப போட்டாங்கன்னு கட்டாயம் கேட்டு எழுதுங்க, சமீபத்துல போட்டிருந்தா ஊசியால வந்த பாசிட்டிவும் நோயால வந்த பாசிட்டிவும் ஒண்ணா தான் தெரியும்.

லேப் சொல்ற நம்பர அப்படியே போடாதீங்க. பாசிட்டிவ் 12 சதவீதம் வந்துச்சு, டெஸ்ட் நோயுள்ள மாட்டுல 65 சதவீதத்த புடிக்கும், நோய் இல்லாததுல 98 சதவீதத்த சரியா சொல்லும்னு வச்சுப்போம்: (0.12 + 0.98 - 1) ÷ (0.65 + 0.98 - 1) = கிட்டத்தட்ட 16 சதவீதம், இது தான் டெஸ்ட் தப்ப திருத்தின பிறகு வர்ற நோய் அளவு.

அறுப்பு கூடத்துல நுரையீரல் பாத்து எண்றது சீப்பு தான், ஆனா இருமுற மாட்ட தான் மொதல்ல வித்துடுவாங்க, அதனால அந்த சதவீதம் ஊர் சதவீதம் ஆகாது. புண்ணு இருந்த மாடு எந்த பட்டில இருந்து வந்துச்சுன்னு தேடி போறதுக்கு வச்சுக்கோங்க.