வானம் (கடைக்கால் பள்ளம்) பறிக்கும் முன்: மண், நிலநடுக்கம், பள்ளத்தின் கரை

"பக்கத்து வீட்டுல அஞ்சடி போட்டாங்க, நமக்கும் அஞ்சடி போதும்" என்றுதான் பெரும்பாலும் கடைக்கால் ஆழம் முடிவாகிறது. ஏரியைத் தூர்த்த மனைப்பிரிவுகளில் முப்பதடி தள்ளினாலே மண் மாறிவிடும். தரைத்தளமும் ஒரு மாடியுமாகக் கட்டுகிறவர்களுக்கும் மண் பரிசோதனை வேண்டும்.

மனையின் எதிரெதிர் மூலைகளில் இரண்டு துளை போடச் சொல்லுங்கள். ஆழம் ஆறு மீட்டருக்குக் குறைய வேண்டாம். துளைக்குள் 63.5 கிலோ சுத்தியலை 75 செ.மீ. உயரத்திலிருந்து விழவிட்டு, குழாய் ஒவ்வொரு 15 செ.மீ. இறங்கவும் எத்தனை முறை அடிக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணுவார்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். முதல் 15 செ.மீ. கணக்கில் வராது, ஏனென்றால் அது துளை போட்டபோது கலைந்த மண். அடுத்த இரண்டின் கூட்டல்தான் N மதிப்பு, மண் எவ்வளவு கெட்டி என்று காட்டும் எண். 4, 6, 7 என்று வந்தால் N மதிப்பு 13, 17 அல்ல. அறிக்கையோடு நிற்காமல், களத்தில் எழுதிய தாளையும் கேட்டு வாங்கிக் கூட்டிப் பாருங்கள்.

மணலில் இன்னொரு சிக்கல் உண்டு. துளைக்குள் இருக்கும் நீர், நிலத்தடி நீர்மட்டத்தைவிடக் கீழே இறங்கினால் அடியிலிருந்து மணல் பொங்கி மேலே வரும். நல்ல மண்ணும் அப்போது N 5, 6 என்று காட்டும். துளையை எப்போதும் நீர் நிரம்ப வைத்திருக்க வேண்டும்.

கரிசலாக இருந்தால் வீக்கச் சோதனையையும் சேர்த்துக் கேளுங்கள், செலவு சொற்பம். 425 மைக்ரான் சல்லடையில் சலித்த உலர்ந்த மண்ணைப் பத்துப் பத்து கிராமாக இரண்டு அளவுகுழாய்களில் போட்டு, ஒன்றில் மண்ணெண்ணெய், மற்றதில் வாலைவடிநீர் ஊற்றி 24 மணி நேரம் விடுவார்கள். மண்ணெண்ணெயில் 10 மி.லி., நீரில் 17 மி.லி. நின்றால் வீக்கம் 70 சதவீதம். 50-ஐத் தாண்டினாலே சாதாரண புட்டிங்கை (தூணுக்கு அடியில் போடும் அகலமான கான்கிரீட் பாதம்) மறந்துவிட்டு, அடியில் குமிழ் வைத்த பைல் (மண்ணில் ஆழமாக இறக்கும் கான்கிரீட் தூண்) போடுவதுதான் என் சிபாரிசு. குமிழின் விட்டம் தண்டைப் போல் இரண்டரை மடங்கு, ஆழம் குறைந்தது 3.5 மீட்டர். பிளிந்த் பீமுக்கும் (சுவரைத் தாங்க அடியில் ஓடும் கான்கிரீட் உத்தரம்) மண்ணுக்கும் நடுவே 8 செ.மீ. இடைவெளி விட வேண்டும். அதைக் கடைசியில் யாராவது மண் போட்டு அடைத்துவிடுவார்கள், கண்ணில் எண்ணெய் விட்டுப் பாருங்கள்.

அடுத்து நிலநடுக்கம். நிலநடுக்கத்துக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 1893 நாட்டை மண்டலங்களாகப் பிரிக்கிறது, எண் கூடக்கூட ஆபத்தும் கூடும். அதன் 2016 பதிப்பின்படி சென்னை, கோவை, வேலூர், சேலம் மண்டலம் 3. மதுரை, திருச்சி, தஞ்சை மண்டலம் 2. சென்னை 2002 வரை இரண்டில் இருந்தது, எனவே பழைய வரைபடங்களை அப்படியே எடுத்தாளக் கூடாது. கையில் இருக்கும் N மதிப்பே இங்கும் உதவும்: 10-க்குக் கீழ் மென்மண், 30-க்கு மேல் கெட்டி மண். திருவான்மியூர் போல் கடலோர மணலும் மேலேயே நீரும் இருந்து, முதல் ஐந்து மீட்டருக்குள் N 15-க்குக் கீழே வந்தால், நிலம் குலுங்கும்போது மணல் கூழாகிவிடுமா என்று பொறியாளரைத் தனியாகக் கணக்கிடச் சொல்லுங்கள். மண்டலம் 3-இல் தூண் ரிங்கின் (தூணின் நெடுக்குக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையம்) கொக்கி 135 டிகிரிக்கு வளைந்து உள்ளே போக வேண்டும். 90 டிகிரி கொக்கி, மேல்பூச்சு கான்கிரீட் உதிர்ந்ததும் பிரிந்துவிடும்.

இனி பள்ளம். காய்ந்த கரிசல் செங்குத்தாகத்தான் நிற்கும், அதை நம்பக் கூடாது. ஒரு மழையில் கரை பாளமாக விழும். ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கும் மேல். மார்பு வரை புதைந்தாலே மூச்சு நின்றுவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது வேளச்சேரியில் கட்டுமானப் பள்ளத்தின் கரை சரிந்து இரண்டு பேர் இறந்தார்கள்.

1.5 மீட்டரைத் தாண்டினால் கரையைச் சரிவாக வெட்டுங்கள், இடமில்லையென்றால் பலகை வைத்துச் சவுக்குக் கட்டையால் முட்டுக் கொடுங்கள். தோண்டிய மண் விளிம்பிலிருந்து 1.5 மீட்டர் அல்லது பள்ளத்தின் பாதி ஆழம், எது அதிகமோ அவ்வளவு தள்ளி இருக்கட்டும். ஜே.சி.பி.யும் ஓரத்தில் நிற்கக் கூடாது. இறங்க ஏணி வேண்டும். காலையில் ஆள் இறங்குமுன் விளிம்புக்கு இணையாக விரிசல் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் அன்று யாரும் இறங்க வேண்டாம். களிமண்ணில் அடிமட்டம் தெரிந்த அன்றே பி.சி.சி. (கம்பியில்லாத அடிக் கான்கிரீட்) போட்டுவிடுங்கள், ஒரு மழை ஊறினால் மேல் அடுக்கைச் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும்.

பின்சேர்க்கை: பக்கத்துச் சுவரை ஒட்டித் தோண்டுவது பற்றிப் பலர் கேட்கிறார்கள். அவர்கள் புட்டிங்கின் அடியைவிட உங்களுடையது ஒரு மீட்டர் தாழ்ந்தால், இரண்டுக்கும் நடுவே குறைந்தது இரண்டு மீட்டர் விலகல் வேண்டும். அதற்கு மனையில் இடமில்லையென்றால் சுவர் நெடுகத் திறக்காதீர்கள். ஒரு மீட்டர் நீளத் துண்டாகத் தோண்டி, கான்கிரீட் போட்டு இறுகியபின், நடுவில் ஒன்று விட்டு அடுத்த துண்டைத் திறங்கள்.