பொங்கல் லீவோடு போய்விடும் பழக்கம்

மார்கழி மாதம் மட்டும் எங்கள் வீட்டில் எல்லோரும் ஐந்து மணிக்கு எழுந்துவிடுவோம். பொங்கல் லீவு முடிந்த மறுநாள் பழையபடி ஏழு மணி. 21 நாள் விடாமல் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்கிறார்களே, மாதம் முழுக்க எழுந்தவர்களுக்கு ஏன் ஒட்டவில்லை?

முதல் தவறு அந்த 21-ஐ நம்புவதுதான். மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன், ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்குப் புதிய முகம் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று 1960-இல் எழுதினார். அது வாய் மாறி வந்ததில் 'குறைந்தது' உதிர்ந்துவிட்டது, முகத்தைப் பற்றிய பேச்சு என்பதும் போய்விட்டது. லண்டனில் பிலிப்பா லாலி என்ற ஆய்வாளரின் குழுவினர் 96 பேரை வைத்துப் பார்த்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், பழக்கம் படிய ஆகும் காலம் 18 நாளிலிருந்து 254 நாள் வரை ஆளுக்கு ஆள் மாறியது. நாட்களை வரிசையாக அடுக்கினால் நடுவில் நிற்கும் எண் 66. நடுவே ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிதாக எதுவும் கெடவில்லை. ஒரு நாள் நடைப்பயிற்சி தவறியதும் ஷூவைப் பரணில் ஏற்றிவிடுகிறோமே, அது இரண்டாவது தவறு.

மூன்றாவது, எல்லாவற்றையும் மனவுறுதியின் தலையில் கட்டுவது. மார்கழியில் எங்களை எழுப்பியது உறுதியா என்ன? கோயில் ஸ்பீக்கர், எதிர்வீட்டு அக்கா கோலம் போடும் சத்தம், சூடான வெண்பொங்கல். தை பிறந்ததும் அவை நின்றன, நாங்களும் படுத்துவிட்டோம். 'தினமும் படிப்பேன்' என்பது காற்றில் நிற்கும். 'காபி டம்ளரைக் கழுவி வைத்ததும் இரண்டு பக்கம்' என்றால் அதைப் பிடித்துக்கொள்ள ஓர் இடம் இருக்கிறது. இன்னது நடந்தால் இன்னது செய்வேன் என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைப்பதைப் பற்றி, பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார்.

இதெல்லாம் தனி ஆள் சமாச்சாரம் என்று நினைப்பதுதான் என் கணக்கில் பெரிய தவறு. மற்றவர்களிடம் நடந்துகொள்வதும் பழக்கம்தான், அதைக் குணம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறோம். முன்பு வேலை பார்த்த இடத்தில் மேலாளர் எதைக் கேட்டாலும் என் வாயில் வருவது, "சரி சார், முடிச்சிடலாம்." ஒருமுறை புதன்கிழமை தருவதாகச் சொன்ன அறிக்கை தயாராகவில்லை என்பதைப் புதன் மதியம்தான் சொன்னேன். திங்களன்றே எனக்குத் தெரியும். என் தாளை நம்பி மீட்டிங் வைத்திருந்த சக ஊழியர்தான் வாங்கிக் கட்டிக்கொண்டார். வேலை தாமதமானதைக்கூட அவர் மன்னித்திருப்பார். இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்ததை மன்னிக்கவில்லை.

'இனிமேல் நேர்மையாகப் பேசுவேன்' என்ற சபதம் எனக்குப் பலிக்கவில்லை. அப்புறம் ஒரு முடிச்சுப் போட்டேன்: யாராவது தேதி கேட்டால், "டைரியைப் பார்த்துட்டு அரை மணி நேரத்துல சொல்றேன் சார்." அவ்வளவுதான். அந்த அரை மணி நேரத்தில், கையில் ஏற்கெனவே இருக்கும் வேலைகள் கண்ணில் பட்டுவிடும்.

இப்போதும் சில நாள் வாய் முந்திக்கொள்ளும். அன்று மாலைக்குள் போய், "அவசரப்பட்டு சொல்லிட்டேன் சார், வெள்ளிக்கிழமைதான் முடியும்" என்று சொல்லிவிடுகிறேன். சொல்லும்போது காது சூடாகத்தான் செய்கிறது.