வீடு வாங்கிய பிறகு வந்த குடைச்சல்

தண்டையார்பேட்டையில் பழைய ஃபிளாட் ஒன்றைப் பதிவு செய்த கையோடு என் தூக்கம் போனது. விலை அதிகமோ, வில்லங்கம் இருக்குமோ, மழைக்குத் தண்ணீர் ஏறுமோ என்று ஒரே குடைச்சல். சித்தப்பா வேறு, "அந்தக் காசுக்கு மாதவரம் தாண்டி தனி வீடே கிடைச்சிருக்குமே" என்று கொளுத்திப் போட்டார்.

பார்த்துத் தீர்க்கக்கூடியவற்றை முதலில் எடுத்தேன். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று போட்டேன். கடைசிப் பதிவில் வாங்கியவராக என் பெயர். விற்றவரின் பழைய அடமானத்துக்கு ரத்து ரசீதும் பதிவாகியிருந்தது. பாதி பாரம் அங்கேயே இறங்கியது. அப்புறம் எல்லா வீட்டுக்காரர்களின் பிரிபடாத பாகத்தையும், அதாவது மனையில் ஒவ்வொரு ஃபிளாட்டுக்கும் உள்ள பங்கை, கூட்டிப் பார்த்தேன். மனையின் மொத்த அளவோடு சரியாக வந்தது. (வாங்குவதற்கு முன் வக்கீல் பார்த்ததுதான். ஆனால் நாமே பார்ப்பது வேறு.)

மழையைப் பற்றிக் கீழ்வீட்டு அக்காவிடம் கேட்டேன். 2023 மிக்ஜாம் புயலின்போது தண்ணீர் நின்ற கறையைச் சுவரில் காட்டினார். "படியேறல தம்பி. சம்புக்குள்ளதான் சாக்கடை கலந்துச்சு." அசோசியேஷனில் பேசி, சம்ப் எனும் அந்தத் தரையடித் தண்ணீர்த் தொட்டியின் வாயை உயர்த்திக் கட்டினோம்.

விலைக்கு மட்டும் மருந்தில்லை. வீட்டு விளம்பரம் பார்ப்பதை விட்டேன். மாறும் வட்டிக் கடன் என்பதால் முன்கூட்டிக் கட்ட அபராதம் கிடையாது. போனஸ் வந்தால் அசலுக்குப் போகிறது. சித்தப்பா மாதவரத்தை எடுத்தால், பேச்சை கிரிக்கெட்டுக்குத் திருப்பிவிடுவேன்.